நாலு ஏஸுக்கு நாலணா

1829 டிசம்பரில் ஜோ கவுல் என்ற ஆங்கிலேய நாடக நடிகர் அமெரிக்காவின் லூயிவில் நகரிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு நீராவிப் படகில் போனார். படகின் பெயர் ஹெலன் மெக்ரிகர். நடு இரவில், மூடுபனியில், படகு கரையில் மோதிக்கொண்டது. பயணிகள் எல்லோரும் அலறியடித்து எழுந்து ஓடினார்கள். சீட்டு மேசையில் பச்சைக் கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார்.

கலவரம் அடங்கி ஆட்டம் மறுபடி தொடங்கியது. சீட்டு போட்டதும் பணம் மேசை நடுவே குவிந்தது. யாரும் பின்வாங்கவில்லை. எல்லோர் கையிலும் பெரிய சீட்டு! கடைசியில் ஜெயித்தது பச்சைக் கண்ணாடிக்காரர் இல்லை, ஓர் இளம் வழக்கறிஞர். இரண்டாயிரம் டாலருக்கு மேல் அள்ளிக்கொண்டு போனார். பதற்றத்தில் கை தவறி, தனக்கென்று அடுக்கிவைத்த சீட்டை மோசடிக்காரர் அடுத்தவருக்குப் போட்டுவிட்டார் என்பது கவுலின் ஊகம். 1844இல் வந்த தன் நினைவுக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். போக்கர் ஆட்டத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வர்ணனைகளில் இது ஒன்று.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது ஆள் மாறிப்போன தமாஷ் இல்லை. மோசடிக்காரர் செய்த ஏற்பாடுதான். தனக்கு மட்டும் பெரிய சீட்டு வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் குப்பையைப் போட்டிருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும்? அவர் ஒரு டாலர் கூட்டியதும் எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். அதனால்தான் எதிராளிகளுக்கும் தாராளமாகப் பெரிய சீட்டு போட்டார். நல்ல சீட்டு வருவது வேறு, அதற்குப் பணம் கிடைப்பது வேறு என்பது அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது. பிற்காலத்தில் கணிதப் பேராசிரியர்களும் கணினி நிபுணர்களும் பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் இந்த ஒரு விஷயத்தின் விரிவுரைதான்.

நம் ஊர் ரம்மியில் இந்தத் தொல்லை கிடையாது. சீட்டுச் சேர்ந்தவன் டிக்ளேர் பண்ணினால் போதும், மற்றவர்கள் கையில் மிச்சமிருக்கும் பாயிண்டுக்குப் பணம் தந்தே ஆகவேண்டும். போக்கர் அப்படியில்லை. எதிராளி விரும்பினால்தான் தருவான். மூணு சீட்டு ஆடியவர்களுக்கு இது புரியும்.

கவுல் பார்த்த ஆட்டத்துக்கு இருபது சீட்டுதான். நாலு பேர், ஆளுக்கு ஐந்து, கட்டு முழுதும் தீர்ந்துவிடும். பிறகு 52 சீட்டு வந்தது, சீட்டை மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது, ஒரே ஜாதிச் சீட்டு ஐந்து சேர்ந்தால் தனி மதிப்பு என்றானது. இந்த மாற்றங்களைவிட முக்கியமானது மேசை மேல் இருக்கும் பணத்துக்கு மட்டுமே ஆட்டம் என்ற விதி. அதற்கு முன்னால் பணக்காரன் ஒருவன் எதிராளியால் எட்ட முடியாத தொகையைக் கட்டி, அவன் கையில் எவ்வளவு பெரிய சீட்டு இருந்தாலும் துரத்திவிடலாம். விதி வந்த பிறகு எதிராளி தன் முன்னால் இருப்பதை மொத்தமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம், அதற்கு மேல் யாரும் அவனை எதுவும் செய்ய முடியாது. நல்ல சீட்டு வைத்திருப்பவனுக்கு இது உச்சவரம்பையும் வைத்தது. எதிராளியின் முன்னால் இருக்கும் குவியல் எவ்வளவோ அவ்வளவுதான் அவனிடமிருந்து பெயரும். அதை முழுதாகப் பெயர்ப்பது எப்படி என்பதுதான் இரண்டு நூற்றாண்டுகளாக ஆட்டக்காரர்கள் மண்டையைக் குடையும் கேள்வி.

இதற்கு முதல் சரியான பதில் சூதாட்ட மேசையிலிருந்து வரவில்லை. ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் வான் நாய்மன், ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னுடன் சேர்ந்து 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கு இடம் ஒதுக்கினார். சீட்டையெல்லாம் விட்டுவிட்டு ஆளுக்கு ஓர் எண், பெரிய எண்ணுக்கு வெற்றி என்று ஆட்டத்தைச் சுருக்கினார். விடை விசித்திரமாக வந்தது. மிக நல்ல எண் வந்தாலும் பணம் கட்டு, மிக மோசமான எண் வந்தாலும் பணம் கட்டு, நடுத்தரமாக வந்தால் பேசாமல் இரு! குப்பைச் சீட்டோடு பணம் கட்டும் பிளஃப் என்பது துணிச்சல்காரனின் குணக்கேடு என்று அதுவரை நினைத்திருந்தார்கள். வான் நாய்மனின் கணக்கில் அது நல்ல சீட்டின் சம்பாத்தியத்துக்கு வேண்டிய உரம்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன். இந்தப் பாடத்தை வான் நாய்மன் வழியில் நடத்தினால் பையன்கள் ஜன்னலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் வேறொரு வழியைப் பிடித்தேன். 1950இல் ஹெரால்டு கூன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் மூன்றே சீட்டில் ஒரு போக்கர் அமைத்தார். ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு ஜாக்கி. இரண்டு பேர். ஆளுக்கு ஒரு தீக்குச்சி நடுவில் வைக்கவேண்டும். ஆளுக்கு ஒரு சீட்டு, மூன்றாவது கவிழ்ந்து கிடக்கும். முதல் ஆள் இன்னொரு குச்சி கட்டலாம், அல்லது சும்மா இருக்கலாம். அவன் கட்டினால் மற்றவன் ஈடுகட்டவேண்டும், இல்லாவிட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும்.

வகுப்பில் எந்தப் பையனை உட்காரவைத்தாலும் முதலில் ஒரே மாதிரிதான் ஆடுவான். ராஜா வந்தால் கட்டுவான், ஜாக்கி வந்தால் கட்டமாட்டான். எதிரே ராணியோடு இருப்பவனுக்கு நாலு ஆட்டத்தில் விஷயம் பிடிபட்டுவிடும். கட்டினானா, ராஜா. கவிழ்த்துவிடு. ராஜா வைத்திருப்பவனுக்கு நடுவில் கிடந்த ஒற்றைக் குச்சிதான் லாபம்.

“ராஜாவுக்கு இன்னொரு குச்சி வேணும்னா ஜாக்கியோடயும் அப்பப்பக் கட்டணும்டா” என்பேன்.

“ஜாக்கிய வெச்சிக்கிட்டு எதுக்கு சார் கட்டணும்? தோக்கறதுக்கா?”

“ஆமாண்டா, தோக்கறதுக்குத்தான். அது ராஜாவுக்குப் பண்ற விளம்பரச் செலவு.”

எத்தனை தடவை கட்டவேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ராஜாவோடு மூன்று தடவை கட்டினால் ஜாக்கியோடு ஒரு தடவை. அப்போது ராணி வைத்திருப்பவன் திணறுவான். ஈடுகட்டினால் நான்கில் மூன்று முறை ஒரு குச்சி போகும், ஒரு முறை மூன்று குச்சி வரும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். கட்டினாலும் ஒன்று, கவிழ்த்தாலும் ஒன்று. ஜாக்கியோடு இதைவிட அதிகமாகக் கட்டினால் அவன் ஒவ்வொரு தடவையும் ஈடுகட்டி உன் பொய்யைப் பிடிப்பான். குறைத்தால் ராஜாவுக்குக் கூலி கிடைக்காது.

அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இந்தப் புத்தகங்களையெல்லாம் படிக்கவில்லை. படிக்காமலே சிலர் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். டெக்சாஸில் பிறந்த ஹோல்டெம் ஆட்டம் 1963இல் லாஸ் வேகாஸுக்கு வந்தது. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, பொதுவில் ஐந்து சீட்டு, நாலு சுற்று பந்தயம். 1970இல் பென்னி பினியன் தன் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் உலகத் தொடரை ஆரம்பித்தார். 1976, 1977 இரண்டு ஆண்டும் அதன் முக்கியப் போட்டியை ஜெயித்த டாயில் பிரன்சன், கொஞ்ச நாளில் ‘சூப்பர் சிஸ்டம்’ என்ற தடித்த புத்தகத்தைத் தானே வெளியிட்டார். அவர் சொன்ன வழி எளிது. ஓயாமல் பணம் கட்டு, சின்னச் சின்னத் தொகைகளைத் தட்டிப் பறித்துக்கொண்டே இரு, எதிராளிகள் எரிச்சலில் எதையாவது வைத்துக்கொண்டு எதிர்த்து நிற்பார்கள், அப்போது உன் கையில் உண்மையிலேயே பெரிய சீட்டு இருக்கும். அதுவரை சாமர்த்தியம் என்றால் பெரிய சீட்டு வந்ததும் பூனைபோலப் பதுங்குவது என்றே பலர் நம்பியிருந்தார்கள்.

இனி இணையத்துக்கு வருவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அரட்டை அறைகளில் காசில்லாத போக்கர் நடந்தது. சீட்டுப் போட ஒரு நிரல், ஆடுபவர்கள் பெரும்பாலும் கணினி மாணவர்கள். நிஜப் பணத்துக்கான முதல் மேசை 1998 ஜனவரி 1 அன்று பிளானட் போக்கர் தளத்தில் திறந்தது. அங்கே ஆடியது வரம்பு வைத்த ஆட்டம். முதல் இரண்டு சுற்றில் மூன்று டாலர், அடுத்த இரண்டில் ஆறு டாலர், அதற்கு மேல் ஒரே தடவையில் கட்ட முடியாது. நாலு ஏஸ் வந்தாலும் கூடுதலாகக் கிடைக்கக்கூடியது இன்னொரு ஆறு டாலர்தான். அதனால் ஆட்டத்தின் நுணுக்கம் முழுதும் அந்தக் கடைசி ஆறு டாலரில் இறங்கியது. கடைசிச் சீட்டு விழுந்த பிறகு, சுமாரான சீட்டை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை கட்டலாமா, வேண்டாமா? நான் முந்தியிருக்கிறேனா என்று கேட்டால் போதாது. எதிராளி எந்தெந்தச் சீட்டோடு ஈடுகட்டுவானோ, அவற்றில் பாதிக்கு மேல் என்னுடையதைவிடச் சின்னதா என்று கேட்கவேண்டும். மோசமான சீட்டையெல்லாம் அவன் எப்படியும் கவிழ்க்கப்போகிறான், அவற்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. நிபந்தனை நிகழ்தகவு என்று நாங்கள் கரும்பலகையில் எழுதுவதை அவர்கள் ஆறு டாலர் கொடுத்துக் கற்றார்கள்.

அந்தத் தளத்துக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. தன் நேர்மையை நிரூபிக்க, சீட்டைக் கலைக்கும் நிரலை அதற்கு மென்பொருள் தந்த நிறுவனம் பகிரங்கமாக வெளியிட்டிருந்தது. 1999 செப்டம்பரில் ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜிஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அதைப் படித்துவிட்டுச் சிரித்திருக்கவேண்டும். 52 சீட்டை அடுக்கும் வழிகளை எழுதினால் 8க்குப் பின்னால் 67 இலக்கங்கள் வரும். ஆனால் அந்த நிரல், நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிவிநாடி ஓடியிருக்கிறது என்பதை விதையாக வைத்துக் கலைத்தது. ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம் மில்லிவிநாடிதான். சர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒத்துவைத்தபோது அது சுமார் இரண்டு லட்சமாகச் சுருங்கியது. தன் இரண்டு சீட்டும் பொதுவில் விழுந்த மூன்றும் தெரிந்தால் போதும், எல்லோருடைய சீட்டும் திரையில் வந்தது. நல்லவேளை, கண்டுபிடித்தவர்கள் ஆடாமல் ஊரைக் கூட்டிச் சொன்னார்கள்.

2003இல் எல்லாம் மாறியது. டென்னசி மாநிலக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் (பிறப்பிலேயே வந்த பெயர், நான் புனையவில்லை) போக்கர்ஸ்டார்ஸ் தளத்தில் 86 டாலர் கட்டிப் பெற்ற இடத்தைக்கொண்டு உலகத் தொடருக்குப் போய் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அந்த ஆண்டு முக்கியப் போட்டியில் 839 பேர். மறு ஆண்டு 2,576. 2006இல் 8,773. மேசைக்குள் பொருத்திய கேமரா ஒவ்வொருவரின் சீட்டையும் தொலைக்காட்சியில் காட்டியது. அவர் பிளஃப் செய்து ஒரு தொழில்முறை ஆட்டக்காரரைக் கவிழ்க்கவைத்த காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பிறகு என்ன ஆகும்? கணினி முன் உட்கார்ந்த ஒவ்வொரு புது ஆளும் எதிராளி பொய் சொல்கிறான் என்றே நம்பினான். எதற்கும் ஈடுகட்டினான். நல்ல சீட்டுக்கு அதைவிடப் பொற்காலம் வந்ததில்லை என்பது என் கருத்து. பிரன்சன் ஓயாமல் பணம் இறைத்து உண்டாக்கிய சந்தேகத்தைத் தொலைக்காட்சி இலவசமாக உண்டாக்கித் தந்தது.

வரம்பில்லாத ஆட்டமும் அப்போதுதான் இணையத்தில் பரவியது. இதில் தொகை உன் இஷ்டம். இங்கேதான் கூட்டு வட்டிக் கணக்கு நுழைகிறது. பொதுச்சீட்டு விழத் தொடங்கும்போது நடுவில் 10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் இருப்பதில் பாதியைக் கட்டி, எதிராளியும் ஈடுகட்டினால் 20, 40, 80. நடுவில் இருப்பது முழுவதையும் கட்டினால் 30, 90, 270. மூன்றே சுற்று! முதல் சுற்றில் சும்மா இருந்துவிட்டுக் கடைசி இரண்டில் மட்டும் முழுத்தொகை கட்டினால் 90தான். பதுங்கியிருப்பவன் இழப்பது ஒரு சுற்றுப் பணம் மட்டுமில்லை, அது பெருகியிருக்கக்கூடிய எல்லாமும். பழைய ஆட்டக்காரர்களின் கள்ள மௌனத்துக்கு இந்தப் பெருக்கல்தான் முடிவு கட்டியது. போக்கர் டிராக்கர் போன்ற நிரல்கள் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் சேமித்துத் தந்தன. விடுதி மேசையில் மணிக்கு முப்பது ஆட்டம், இணையத்தில் ஒரு மேசைக்கு அறுபதுக்கு மேல், அதிலும் ஒருவனே பல மேசை. யார் எவ்வளவு ஈடுகட்டுகிறான், எப்போது கவிழ்க்கிறான் என்ற சதவீதம் ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் மிதந்தது. எல்லாவற்றுக்கும் ஈடுகட்டுகிறவனிடம் பிளஃப் வேண்டாம், நல்ல சீட்டு வந்தால் பெரிய தொகையாகக் கட்டு. கவிழ்த்துக்கொண்டே இருப்பவனிடம் அதற்கு எதிர்மாறு.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. அந்நாளின் மிகப் பெரிய தளமான பார்ட்டிபோக்கரின் மென்பொருளை உருவாக்கியவர் டெல்லி ஐஐடியில் படித்த அனுராக் தீட்சித். அதன் வேலைகளில் பெரும்பகுதி ஹைதராபாத்தில் நடந்தது. நிறுவனம் 2005 ஜூனில் லண்டன் பங்குச் சந்தையில் பல நூறு கோடி பவுண்டு மதிப்போடு நுழைந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து தளம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். நூற்றுக்கு ஐந்து, அதிகபட்சம் மூன்று டாலர் என்பது பரவலான வழக்கம். என் மாணவன் ஒருவன் அப்போது இப்படிப்பட்ட ஒரு தளத்தின் இரவுப் பணியில் இருந்தான். வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை. “தோத்தவன் கோபப்படறது புரியுது சார். ரெண்டு ஏஸ் வந்துச்சு, எல்லாரும் ஓடிட்டாங்க, உங்க சிஸ்டத்துல கோளாறுன்னு ஜெயிச்சவனும் எழுதறான் சார்” என்றான். 2006 அக்டோபரில் அமெரிக்கா இந்தத் தளங்களுக்குப் பணம் செலுத்துவதைத் தடுத்துச் சட்டம் போட்டது. பார்ட்டியின் பங்கு ஒரே நாளில் பாதிக்கு மேல் சரிந்தது.

மறு ஆண்டு நடந்ததுதான் என் தொழில்காரர்களுக்கு விருந்து. அப்சல்யூட் போக்கர் தளத்தில் 2007 செப்டம்பரில் ஒரு போட்டியை ‘பாட்ரிப்பர்’ என்ற பெயரில் ஆடியவர் ஜெயித்தார். கடைசி ஆட்டத்தில் எதிராளி மொத்தப் பணத்தையும் கட்ட, இவர் ஜோடிகூட இல்லாத வெறும் பத்தை வைத்துக்கொண்டு ஈடுகட்டினார். எதிராளியிடம் அதையும்விடச் சின்னது, ஒன்பது! எந்தப் புத்தியுள்ளவனும் பத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்யமாட்டான், எதிராளியின் சீட்டைப் பார்த்திருந்தாலொழிய. இரண்டாம் இடம் வந்தவர் ஆட்டப் பதிவைக் கேட்டார். தளம் அனுப்பிய எக்செல் கோப்பில், தெரிந்தோ தெரியாமலோ, எல்லோருடைய மறைவுச் சீட்டும் இருந்தது. மேசையில் ஆடாமல் பார்வையாளராக மட்டும் நுழைந்த ஒரு கணக்கின் தடயமும் இருந்தது. பதிவுகளை அலசியவர்கள், பாட்ரிப்பர் கணக்கு சம்பாதித்த வேகம் மனித ஆட்டக்காரர்களின் பரவலுக்கு எட்டாத தொலைவில் இருப்பதைப் படம் போட்டுக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு அல்டிமேட்பெட் தளத்திலும் இதே வகைத் திருட்டு வெளிவந்தது. அப்சல்யூட்டுக்கு 5 லட்சம் டாலரும் அல்டிமேட்பெட்டுக்கு 15 லட்சம் டாலரும் அவற்றுக்கு உரிமம் தந்த கானவாக்கே ஆணையம் அபராதம் விதித்தது. எதிராளியின் சீட்டு தெரிந்தவனுக்கு ஒரு நல்ல சீட்டும் வீணாகாது. எதுவுமே வீணாகாததுதான் காட்டிக்கொடுத்தது. நேர்மையான ஆட்டக்காரனின் பதிவில் தவறவிட்ட லாபங்கள் கட்டாயம் இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் 2009 நவம்பரில் ஃபுல் டில்ட் தளத்தில் ஒரே ஆட்டத்தில் 13 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு மேல் கைமாறியது. 2011 ஏப்ரல் 15 அன்று, பிரீத் பராரா தலைமையிலான நியூயார்க் மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகம் பெரிய தளங்களின் இணைய முகவரிகளைக் கைப்பற்றியது. ஃபுல் டில்டில் ஆட்டக்காரர்களின் பணத்தைத் திருப்பித்தரப் போதிய பணமே இல்லை என்பது அப்போது தெரிந்தது.

இதற்குள் இயந்திரங்கள் படித்துத் தேறிவிட்டன. 2015 ஜனவரியில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார், வரம்பு வைத்த இருவர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய முழுத்தீர்வு கண்டதாக அறிவித்தார்கள். 2017 ஜனவரியில் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் நோம் பிரவுனும் டூமாஸ் சாண்ட்ஹோமும் செய்த லிப்ராட்டஸ் என்ற நிரல், பிட்ஸ்பர்க் விடுதி ஒன்றில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 ஆட்டம் ஆடி, 17 லட்சத்துக்கு மேல் பந்தய வில்லைகளை ஜெயித்தது. அவர்களை நிலைகுலைய வைத்தது அது கட்டிய தொகைதான். நடுவில் சிறுதொகை கிடக்கும்போது அதைப்போலப் பல மடங்கு கட்டியது. மனிதர்கள் அதுவரை மரியாதைபோலப் பாதி, முக்கால், முழுசு என்று கட்டிப் பழகியிருந்தார்கள். இயந்திரத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. மிகப் பெரிய சீட்டோடும் மிக மட்டமான சீட்டோடும் ஒரே ராட்சதத் தொகையைக் கட்டியது. வான் நாய்மன் சொன்னது அப்படியே. தொகை பெருகப் பெருகப் பொய்யின் பங்கும் பெருகவேண்டும் என்பதும் அதே கணக்குதான். நடுவில் இருப்பதற்குச் சமமாகக் கட்டினால் இரண்டு மெய்க்கு ஒரு பொய்.

தமிழ்நாட்டில் நடந்த வழக்குகளை இந்த வரலாற்றோடு வைத்துப் பார்க்கிறேன். 2020 நவம்பரில் பணம் வைத்து ஆடும் இணைய ரம்மி, போக்கர் ஆட்டங்களுக்குத் தடை வந்தது. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் புதுச் சட்டம் வந்து, ஆளுநர் திருப்பி அனுப்பி, பேரவை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அந்த ஆண்டு நவம்பர் 9 அன்று, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்குத் தடை செல்லாது என்று தீர்ப்பு. பிறகு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்ற விதி. எல்லாக் கட்டத்திலும் சண்டை, திறமையா அதிர்ஷ்டமா என்பதிலேயே நின்றது.

போக்கர் திறமை ஆட்டம்தான். இதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அதனால்தான் தெரியாதவனுக்கு அது லாட்டரியைவிடக் கொடியது. லாட்டரியில் சீட்டு வாங்கிய எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு. இங்கே கணக்குத் தெரிந்தவன் ஒவ்வொரு நல்ல சீட்டிலும் கொஞ்சம் கூடுதலாகக் கறப்பான், தெரியாதவன் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குறைவாகப் பெறுவான், தளம் இருவரிடமும் பங்கெடுக்கும். ஆட்டங்கள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது அதிர்ஷ்டம் கழிந்துபோய் இந்த வித்தியாசம் மட்டும் நிற்கும். திறமை என்று நிரூபித்துவிட்டால் ஆபத்தில்லை என்று வாதிட்டவர்கள் பெரும் எண்களின் விதியை மறந்துவிட்டார்கள், அல்லது நன்றாகத் தெரிந்தே வாதிட்டார்கள்.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதுவும் கூடாது என்றது. சில நாட்களுக்குள் இந்தியப் போக்கர் தளங்கள் பண மேசைகளை மூடின.